மறுமொழி: பற்றவைத்தபின் இரும்பு கோணுவதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் தொடங்கிய இந்த இழையை நேற்றிரவுதான் முழுவதும் படித்து முடித்தேன். இரும்பைப் பற்றவைத்து, அதாவது வெல்டிங் செய்து, ஆறவிட்டபின் அது நேர் தவறிப் போகிறதே, ஆங்கிலத்தில் டிஸ்டார்ஷன் என்கிறார்களே, அதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உருக்குலைவு, திரிபு, வெப்பக்கோட்டம். மூன்றும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, முதலில் என் கொட்டகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கோத்தகிரிக்குக் கீழே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் காய்கறி நிலம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வடிகால்கள் வண்டலால் நிறைந்துவிடும். ஆள் வைத்து அள்ளி மாளவில்லை. பெரிய இயந்திரம் எங்கள் படிக்கட்டு நிலத்தில் திரும்பவே முடியாது. அதனால் ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறிய தோண்டும் இயந்திரம் ஒன்றை நானே செய்து வருகிறேன். இரண்டு சக்கரம், பெட்ரோல் எஞ்சின், எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு பம்ப், ஊன்றி நிற்க இரண்டு கால்கள். சக்கரங்களை எஞ்சின் ஓட்டாது. வாளியைத் தரையில் ஊன்றித் தன்னைத் தானே இழுத்து நகர்ந்துகொள்ளும். இந்த மலையில் மண் தோண்டும் இயந்திரத்தை இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதைப் பெற்ற பிறகுதான் இது மண்ணைத் தொடும்.

பூம் என்கிறோமே, அந்த மேல்கையை 100 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் செய்தேன். அதன் நுனியில் இரண்டு கன்னத் தகடுகள், தகட்டுக்கு ஒரு புஷ் (தண்டு நுழையும் உருளை வளையம்), இரண்டு புஷ்ஷையும் ஊடுருவி 40 மில்லிமீட்டர் தண்டு ஒன்று. முன்கை இந்தத் தண்டின்மேல்தான் ஆடும். பற்றவைக்கும் முன் விரலால் தள்ளினால் தண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. தகடு பெயர்ந்துவிடுமோ என்ற பயத்தில் 6 போதும் என்ற இடத்தில் 8 மில்லிமீட்டர் கால் (மூலையில் போடும் பற்றின் பக்க அளவு) வைத்து, ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, குழாயின் மேல்முகத்தில் வலுத்தகட்டையும் நீளவாக்கில் பற்றவைத்தேன். கசடு வெடித்து உதிரும் சத்தம் கேட்டபடி வீட்டுக்குப் போனேன்.

காலையில் தண்டு முதல் புஷ்ஷில் நுழைந்தது. இரண்டாவதன் உதட்டில் முட்டி நின்றது. அரை நூல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் விலகல். குழாயின் மேல்முகத்தில் நுனிக்கு நுனி நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு தீக்குச்சி தாராளமாகப் போனது. பற்றவைத்த முகம் குழிந்திருந்தது, எதிர்முகம் புடைத்திருந்தது. அதாவது குழாயின் இரு நுனிகளும் பற்று இருந்த பக்கமாக மேலே எழுந்திருந்தன.

நன்றாகக் கவனியுங்கள். சூட்டில் இரும்பு நீளும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். அப்படியானால் சூடுபட்ட முகம் நீண்டு புடைத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சூடுபட்ட இடம் நீள முயல்கிறது. சுற்றிலும் உள்ள குளிர்ந்த இரும்பு விடுவதில்லை. சூட்டில் இளகிய உலோகம் வேறு வழியின்றி தன்னுள்ளேயே அமுங்கித் தடிக்கிறது. ஆறும்போது எல்லா இரும்பையும்போல அதுவும் சுருங்குகிறது, ஆனால் இப்போது பழைய நீளத்தைவிடக் குறுகி நிற்கிறது. உருகி ஊற்றிய பற்றும் உடன் சேர்ந்து சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து பக்கத்தில் இருப்பதைத் தன்னிடம் இழுக்கின்றன.

எங்கள் பக்கத்துப் பட்டறைப் பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். "வளைந்துவிட்டது ஐயா" என்றேன். அவர் குழாயைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "வளையவில்லை தம்பி, பற்று இழுத்திருக்கிறது. எந்தப் பக்கம் இழுத்தது என்று முதலில் பார்" என்றார். பல வருடம் இந்த வேலையில் இருப்பவர் வாயில் இயல்பாக வந்த வினை, இழுத்தல்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

உருக்குலைவு என்றால் பாழானது என்று பொருள். வெள்ளத்தில் அடித்துப் போன பாலம் உருக்குலைந்தது எனலாம். அரை நூல் விலகிய தகட்டை அப்படிச் சொன்னால், புதிதாகத் தொழில் கற்கும் பையன் அதைக் கழிவு இரும்பில் போட்டுவிடுவான். திரிபு என்ற சொல்லை நம் பள்ளி இயற்பியல் ஏற்கனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டது: தகைவுக்கு உள்ளான பொருளின் நீள மாறுபாட்டுக்கும் முதல் நீளத்துக்கும் உள்ள விகிதம். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் மாணவன் தவிப்பான். வெப்பக்கோட்டம் அழகான சொல்தான். சொற்கோட்டம், உட்கோட்டம் என்று வள்ளுவர் கையாண்ட அதே கோட்டம். ஆனால் இன்று கோட்டம் என்றதும் வனக்கோட்டமும் ரயில்வே கோட்டமுமே நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, வெப்பம் கோணலாக்கியது என்று அது சொல்கிறது. கோணலாக்கியது, சூடு ஆறும்போது வந்த சுருக்கம்.

என் முன்மொழிவு: பற்றிழுப்பு.

காரணத்தைச் சொல்லும் சொல் இது. காரணம் தெரிந்தவன் திசையைத் தேடுவான், திசை தெரிந்தவன் எதிர் ஏற்பாட்டைச் செய்வான். கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. பற்று ஓடும் நீளத்தில் இழுத்தால் நெட்டிழுப்பு. அதற்குக் குறுக்கே இழுத்து இரண்டு தகட்டையும் நெருக்கினால் குறுக்கிழுப்பு. செங்குத்தாக நின்ற தகடு பற்றுப் பக்கம் சாய்ந்தால் சாய்விழுப்பு.

இழுப்பு எப்போதும் கேடு செய்வதும் இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சிறுவயதில் சமவெளியில் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் சுற்றைவிடச் சற்றுக் குறைவாக இரும்பு வளையம் செய்து, வறட்டி அடுக்கிச் செந்தணலாகக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கி மரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். வளையம் ஆறிச் சுருங்கி வட்டையையும் ஆரக்கால்களையும் சக்கரத்தின் நடுக்குடத்தோடு இழுத்து இறுக்கும். மூட்டுகள் நெரியும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் மேல்கையைக் கோணலாக்கியதும் அந்தச் சக்கரத்தைக் காத்ததும் ஒரே விசை. அதை உருக்குலைவு என்று எப்படி அழைப்பது?

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து

---

ஐயா, வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன்.

பட்டா எடுத்துக்காட்டு என்னை அசைத்துவிட்டது. வெப்பக்கோட்டத்தை முன்மொழிந்தவன் நான்தான். இரண்டு ஐயங்கள். இழுப்பு என்றால் எங்கள் ஊரில் மூச்சிரைப்பு நோய். அடுத்தது, நீங்கள் செய்யும் இயந்திரமே ஜீப் இழுத்துச் செல்வது; அதன் பெயரிலும் இழுவை வரும், குறையிலும் இழுப்பு வந்தால் குழப்பம் வராதா? மேல்கையை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

அன்புள்ள ஈரோட்டு நண்பருக்கு,

முறுக்கு தின்பண்டமும்தான், கம்பியின் முறுக்கும்தான். இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். பற்று என்ற முன்னொட்டு இருக்கும்போது மருத்துவமனை யார் நினைவுக்கும் வராது. இரண்டாவது ஐயம் நியாயமானது. வண்டி இழுப்பதற்கு இழுவை என்றும் இரும்பு இழுப்பதற்கு இழுப்பு என்றும் பிரித்து வைத்துக்கொள்வோம். இயந்திரத்தை இழுவைத் தோண்டி என்று அழைக்கிறேன்.

கன்னத் தகடுகளையும் வலுத்தகட்டையும் கிரைண்டரால் அறுத்து எடுத்தேன். வளைந்த குழாயின் எதிர்முகத்தில் சூடு வைத்து நூலுக்கு நேராக்கினேன். இரண்டாம் முறை 40 மில்லிமீட்டர் தண்டை இரண்டு புஷ்ஷிலும் கோத்து வைத்துவிட்டுத்தான் தீயைத் தொட்டேன். முதலில் நான்கு மூலையிலும் புள்ளிப்பற்று. பிறகு இரண்டு விரல் நீளத் துண்டு இந்தப் பக்கம், கை பொறுக்கும் அளவு ஆறியதும் ஒரு துண்டு எதிர்ப் பக்கம். பற்றின் கால் அளவை 8 மில்லிமீட்டரிலிருந்து 6-ஆகக் குறைத்தேன். பற்றில் போகும் உலோகம் கால் அளவின் வர்க்கமாக ஏறும் என்பதால் 64 பங்கு இருந்த இடத்தில் 36 பங்கு உலோகமே போனது, இழுப்பும் அதற்கேற்பத் தளர்ந்தது. குழாயைக் கனத்த சேனலோடு இரு நுனியிலும் இறுக்கி, நடுவில் 2 மில்லிமீட்டர் தகடு செருகி, இழுக்கப்போகும் திசைக்கு எதிராக முன்கூட்டியே வளைத்து வைத்தேன். இதற்கு முன்வளைப்பு என்று பெயரிடலாம். இரவு முழுதும் அப்படியே விட்டேன். ஜனவரி உறைபனியில் இரும்பைத் தொட முடியவில்லை. ஆனால் தண்டு விரலுக்குத் திரும்பியது. சூட்டில் சற்றுச் சுருங்கிய புஷ் வாயை மட்டும் தண்டை உருவியபின் ரீமர் என்னும் துளை சீவும் கருவி போட்டுச் சரிசெய்தேன்.

இன்னும் ஒரு சொல் வேண்டும். நீளமான பற்றை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போனாலும், ஒவ்வொரு துண்டையும் வலமிருந்து இடமாகப் போடுவார்கள். நெட்டிழுப்பு ஒரே திசையில் சேராமல் இருக்க இந்த முறை. பின்படிப் பற்று என்று நினைத்தேன், நிறைவாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை முன்கையைப் பற்றவைக்கப் போகிறேன். அதற்குள் யாராவது நல்ல சொல் தந்தால், சுண்ணக்கட்டியால் இரும்பின்மேல் அதையே எழுதிவிட்டு வேலையைத் தொடங்குவேன்.