‘மஸ்ட்’ குறைந்தால் மரியாதை கூடியதாகுமா?

ஆங்கில ஆசிரியை:
லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2014இல் மறைந்த மொழியியலாளர் ஜெஃப்ரி லீச்சின் ஒரு கணக்கு என்னை உலுக்கிவிட்டது. 1961இல் பிரிட்டனில் அச்சான 500 எழுத்தாக்கங்களிலிருந்து தலா 2,000 சொற்கள் எடுத்துத் தொகுத்தது ‘லாப்’ தரவகம், அதாவது சொற்களை எண்ணி ஆராய்வதற்கான மொழித் தொகுப்பு. அதே அளவுகோலில் 1991ஆம் ஆண்டு எழுத்துக்கு ஃப்ரைபுர்கில் இன்னொரு தரவகம் உருவாயிற்று. முதலாவதில் ‘மஸ்ட்’ (must, ‘வேண்டும்’) 1,147 முறை வருகிறது, இரண்டாவதில் 814 முறை. ‘ஷல்’ (shall) 355இலிருந்து 200ஆக இறங்கிவிட்டது. ‘தேவை’ என்று மென்மையாகச் சொல்லும் ‘நீட் டு’ (need to) மட்டும் 54இலிருந்து 198ஆக ஏறியிருக்கிறது.

முப்பதே ஆண்டுகளில் ஆணையிடும் சொற்கள் தேய்ந்திருக்கின்றன. ஆங்கிலம் மேலும் மரியாதையான மொழியாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொங்குவாசி:
வேண்டும் அம்மா. எண்ணிக்கையில் எனக்கு ஐயமில்லை. எண்ணிக்கையிலிருந்து மரியாதைக்கு நீங்கள் தாவியதைத்தான் ஏற்க மாட்டேன்.

‘மஸ்ட்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு, நம் ‘வேண்டும்’ போலவே. “நீ போக வேண்டும்” என்பது ஆணை. “இரவு மழை பெய்திருக்க வேண்டும்” என்பது ஊகம், அதில் மரியாதைக்கு என்ன வேலை? அந்த 1,147இல் இரண்டும் கலந்திருக்கின்றன. மேலும், ‘லாப்’ முழுவதும் அச்செழுத்து: செய்தி, அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, கதை. ஒருவர் எதிரே இருப்பவரின் முகம் பார்த்துப் பேசிய பேச்சு அதில் கிடையாது.

தரவுப்பித்தன்:
லீச் இதையெல்லாம் யோசிக்காதவர் போல எழுதுவது நியாயமில்லை. அவர் பொருள்வாரியாகவும் பிரித்துப் பார்த்தவர். ‘மே’ (may) என்பதில் அனுமதி தரும் பொருள் வீழ்ந்தது, ‘அப்படி நிகழக்கூடும்’ என்ற பொருள் நிலைத்தது என்று காட்டினார். சிறிய பேச்சுத் தொகுப்புகளையும் சோதித்தார். அங்கும் ‘மஸ்ட்’ சரிந்திருந்தது.

எண்ணாமல் விட்டால் மிஞ்சுவது அறிஞரின் காது மட்டும்தான். ‘என் காதுக்கு இது சரி’ என்று ஒருவர் சொல்ல, அதுவே இலக்கணமாகிவிடும். பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் ஒரு கோடி பேச்சு. அதில் ஒரு பகுதிக்காகத் தன்னார்வலர்கள் ஒலிப்பதிவுக் கருவியைக் கூடவே வைத்துக்கொண்டு தங்கள் அன்றாடப் பேச்சைப் பதிந்து கொடுத்தார்கள். அந்த உழைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கொங்குவாசி:
உழைப்பை நானும் மதிக்கிறேன் நண்பரே. ஆனால் மரியாதை சொல்லில் மட்டும் இல்லை என்று சொன்னவரே லீச்தானே! 1983இல் வந்த தம் நூலில், ‘உருளைக்கிழங்கைத் தோலுரி’, ‘இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொள்’ என்ற இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தார். இரண்டும் ஏவல் வினைதான். முன்னதில் உழைப்பு கேட்பவருக்கு, அதனால் முரட்டுத்தனம். பின்னதில் நன்மை கேட்பவருக்கு, அதனால் உபசாரம்.

என் பாட்டி வாசலில் நின்று, “சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்” என்பார். வந்தவருக்குத் தப்ப வழியே வைக்காத ‘வேண்டும்’. அதைவிட மரியாதையான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஆங்கிலேயரும் விருந்துக்கு அழைக்கும்போது ‘யூ மஸ்ட் கம்’ என்கிறார்கள். அந்த ‘மஸ்ட்’ குறைந்திருந்தால் இழப்பு அல்லவா?

இன்னொன்று. மரியாதைக் கோட்பாட்டில் லீச்சோடு சேர்த்துப் பேசப்படும் பிரவுனும் லெவின்சனும் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ் என மூன்று மொழிகளை முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தமிழ் கோவை மாவட்டக் கிராமத்துப் பேச்சு. யார் யாரை ‘நீ’ என்கிறார்கள், யாரை ‘நீங்கள்’ என்கிறார்கள் என்பதைச் சாதியும் வயதும் எப்படித் தீர்மானிக்கின்றன என்பது ஊருக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

தரவுப்பித்தன்:
ஒரு கிராமத்தை வைத்து உலகப் பொதுமை பேசலாம், பத்துக் கோடிச் சொற்களை வைத்துப் பேசக் கூடாதா?

ஆங்கில ஆசிரியை:
பாட்டியின் ‘வேண்டும்’ என்னை நிறுத்திவிட்டது. சூழலை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் பார்த்தால் தெரியும் மரியாதை ஒன்று, சூழலில் வைத்தால் தெரியும் மரியாதை வேறு என்று லீச் பிரித்தார். நான் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ‘மரியாதை கூடியது’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் மேலிருந்து கீழே ஆணையிடுவது எழுத்தில் கூச்சத்துக்குரியதாகிவிட்டது என்பதை விட மாட்டேன். அதிகார வேறுபாட்டை வெளிக்காட்டத் தயங்கும் சமூக மாற்றம் இந்தச் சரிவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று லீச்சும் எழுதினார்.

கொங்குவாசி:
கூச்சம் வந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதிகாரம் போயிருக்கிறதா? மேலாளர் ‘யூ நீட் டு’ என்று தொடங்கினால் அந்தத் தேவை யாருடையது? அவருடையது. அதைக் கேட்பவரின் தேவையாக மாற்றிச் சொல்கிறார். அதற்கு ‘யூ மஸ்ட்’ நேர்மையானது.

ஆங்கில ஆசிரியை:
அடுத்த வாரம் பதினோராம் வகுப்பில் ‘மஸ்ட்’ வரும் ஐம்பது வாக்கியங்களைத் தரவகத்திலிருந்து எடுத்துத் தரப்போகிறேன். ஒவ்வொன்றையும் யார் யாரிடம் சொல்கிறார், யாருக்கு நன்மை என்று மாணவிகளே பிரிக்கட்டும். முடிவை இங்கே எழுதுகிறேன், எந்தப் பக்கம் சாய்ந்தாலும்.