டிஏடி (பல் மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சை) நிறமாலைக் கேள்விகள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தைக்காரி:
2,4-டிஎன்பி சோதனைக்குச் செம்மஞ்சள் வீழ்படிவு, தொலன் சோதனைக்கு வெள்ளியாடி என்று உயர்தரத்தில் படித்த நமக்கு, ஐதரசன், காபன் அணுக்களின் சூழலைச் சமிக்ஞைகளாகக் காட்டும் என்எம்ஆர் நிறமாலை எவ்வளவு புதிதாக இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, இரசாயனவியல் படித்த மச்சாள் என் பயிற்சித் தாளை எட்டிப் பார்த்தார். எதைல் எதனோவேற்றா, மெதைல் புரொப்பனோவேற்றா என்பது கேள்வி. இரண்டும் ஒரே சூத்திரமுள்ள சமபகுதியங்கள்; பிணைப்புகளைக் காட்டும் ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலை) இரண்டுக்கும் 1740 cm⁻¹ஐ ஒட்டிக் காபனைல் (C=O). என்எம்ஆரிலும் அதே மூன்று சமிக்ஞைகள், ஐதரசன் எண்ணிக்கையிலும் அதே 3:2:3. மச்சாள் பென்சிலால் ஒட்சிசனைச் சுற்றி வட்டம் போட்டு, "இதற்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று பாரும்" என்றார். இரண்டு ஐதரசனுக்குரிய, நான்காகப் பிரிந்த சமிக்ஞை 4.1 பிபிஎம்மில் (என்எம்ஆர் அளவுகோலின் அலகு) நின்றது. ஒட்சிசனை ஒட்டியிருந்தால்தான் சமிக்ஞை இவ்வளவு ஏறும். ஒட்சிசனை ஒட்டியிருப்பது இரண்டு ஐதரசன் உள்ள காபன்; ஆகவே எதைல் எதனோவேற்று. மெதைல் புரொப்பனோவேற்றில் அந்த நான்காகப் பிரிந்த சமிக்ஞை 2.3க்கு இறங்கிவிடும், ஒற்றைச் சமிக்ஞை 3.7க்கு ஏறிவிடும். காசு கட்டிப் போன வகுப்பில் சமிக்ஞை எண்களின் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தார்களே தவிர, இதை ஒருவரும் சொல்லவில்லை. இன்றும் ஆறவில்லை.

கொட்டாஞ்சேனை வாசி:
சாப்பாட்டு மேசையில் வட்டம் போடலாம் தங்கச்சி. இயற்கை விஞ்ஞானப் பகுதியில் 90 நிமிடத்துக்கு 100 கேள்விகள், அதில் சேதன இரசாயனம் 30. அட்டவணை நாக்கு நுனியில் இல்லாவிட்டால் நேரம் போய்விடும். எனக்கு வந்தது சைலீனின் மூன்று சமபகுதியங்கள்: காபன் என்எம்ஆர் சமிக்ஞைகள் மூன்றென்றால் பரா, நான்கென்றால் ஓதோ, ஐந்தென்றால் மெற்றா. அவ்வளவுதான் என் கதை. எல்லோரும் ஒன்று செய்யுங்கள். முழு அட்டவணையும் வேண்டாம். ஐஆரில் 1700ஐ ஒட்டிய கூர்மையான காபனைல், 3300இல் அகன்று தொங்கும் அற்ககோல், 2500 முதல் 3300 வரை பரந்து கிடக்கும் காபொட்சிலிக் அமிலம், 2250இல் நைத்திரைல், என்எம்ஆரில் 9க்கும் 10க்கும் இடையில் அல்டிகைட்டு. இவற்றை வைத்து முதலில் பொருந்தாத விடைகளை வெட்டுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். இரவில் விழித்துப் படிக்காதீர்கள். தேநீரையும் குறையுங்கள்.

பார நீர்:
தேநீரை எதற்கு இழுக்கிறீர்கள் அண்ணா? வட்டம் போட ஐந்து வினாடி போதும். நான் தங்கச்சியின் கட்சி. என் நண்பன் பயிற்சிப் புத்தகத்தைப் போட்டோப் பிரதி எடுத்திருந்தான். ஒரே சேர்வைக்கு அடுத்தடுத்து இரண்டு நிறமாலைகள். இரண்டாவதில் ஒரு சமிக்ஞை இல்லை. பிரதியில் விடுபட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டான். பார நீர் (ஐதரசனுக்குப் பதில் தியூத்திரியம் உள்ள D₂O) சேர்த்ததால் ஐதரொட்சில் (OH) சமிக்ஞை மறைந்தது என்று கீழே எழுதியிருந்ததை அந்தக் கடைக்காரர்தான் விரலால் தொட்டுக் காட்டினார்.