மறு: ஹாங்காங் சிறுபான்மையினர் – குடியுரிமையா, நாட்டவர் தகுதியா?

> பிரிட்டன் கொடுத்த அந்தத் தகுதியை 'அயலகக் குடியுரிமை' என்று சொல்லலாமே.

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஹாங்காங் மக்களுக்குப் பிரிட்டன் கொடுத்த 'British National (Overseas)' தகுதிக்கு நம் சொற்பட்டியலில் தாங்கள் முன்வைத்த சொல் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. குடியுரிமை என்றால் குடியிருக்கும் உரிமை அதில் அடக்கம் என்றுதான் நம் வாசகர் கொள்வார். அந்தத் தகுதிக்கான கடவுச்சீட்டில் இல்லாதது அதுதான். கைமாற்றக் காலத்தில் அதை மட்டும் வைத்திருந்தவர் பிரிட்டனில் போய்க் குடியேற முடியவில்லை. பிள்ளைகளுக்கும் அந்தத் தகுதி இறங்காது.

1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் ஆட்சிக்குள் போனது. சீன வம்சாவளியினரைச் சீனா தன் நாட்டவராக ஏற்றுக்கொண்டது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கு அந்த வழி தானாகத் திறக்கவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் ஹாங்காங்கில் தங்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் தம்மை முழுதாக ஏற்கும் நாடு எது என்று கேட்டால் விடை கிடையாது. நாடற்றவராகப் பிறக்கும் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் மட்டும் பிரிட்டன் இன்னொரு தகுதியை ஒதுக்கியிருந்தது; அதிலும் அங்கே குடியேறும் உரிமை இல்லை. அதற்கடுத்த தலைமுறைக்கு அதுவும் இல்லை! ஆட்சியைக் கைமாற்றும் இரண்டு அரசுகளும் உடன்படிக்கை எழுதும்போதே தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது. கைமாற்றம் பற்றிப் பிரிட்டனும் சீனாவும் செய்த 1984 கூட்டறிக்கைக்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தார்கள். கைமாற்றத்துக்குச் சில மாதங்களே இருந்தபோதுதான், 1997இல், தனிச்சட்டம் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 4க்கு முன் ஹாங்காங்கில் வசித்துவந்து, வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் முழுப் பிரித்தானியக் குடிமக்களாகப் பதியலாம் என்றானது.

ஆகவே என் பரிந்துரை: முதல் தகுதிக்கு 'கடல்கடந்த பிரித்தானிய நாட்டவர்'. 1997 சட்டம் தந்ததற்கு மட்டும் 'குடியுரிமை'.

* * *

> முதல் தகுதிக்கு 'கடல்கடந்த பிரித்தானிய நாட்டவர்'.

அன்புள்ள அம்மா,

'நாட்டவர்' எனக்கும் உடன்பாடே. ஆனால் பிள்ளை, பேரப்பிள்ளைக்கு ஒதுக்கிய தகுதியைப் பிரித்தானியச் சட்டமே 'குடிமகர்' என்று பெயரிட்டு அழைக்கிறது. வசிக்கும் உரிமை இல்லாவிட்டாலும் சட்டம் வைத்த பெயரை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. 'குடிமை' என்பதைத் தகுதிக்கும், 'குடியுரிமை' என்பதை வதிவுரிமையும் சேர்ந்த நிலைக்கும் பிரித்துக்கொண்டால் என்ன? அப்படியானால் பிள்ளை, பேரப்பிள்ளைக்கான தகுதி 'கடல்கடந்த பிரித்தானியக் குடிமை'. உரிமை என்ற சொல் அதில் வராது. பெயரிலும் பிழை நேராது.

மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 'நாடற்றவர்' பதிவில் 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்த இலங்கை மலையகத் தமிழர் மட்டுமே எடுத்துக்காட்டாக இருக்கிறார்கள். அங்கே ஹாங்காங்கையும் சேர்க்க இரண்டு வரி எழுதித் தாருங்கள்.