ராணுவ அறிவியல் புனைகதை: யாருக்கு எதைக் கொடுத்தேன்

இந்த வகையில் எதைப் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ஜோ ஹால்டெமனின் 'த ஃபாரெவர் வார்'. 1974இல் வந்த நாவல், விண்வெளிப் போருக்கு அனுப்பப்படும் ஒரு வீரனின் கதை. ஹால்டெமன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

சிங்கப்பூர் ராணுவத்தில் சேவை முடித்தவர்களைத் திரும்ப அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சியில், பக்கத்துக் கட்டில் நண்பரிடம் இதைக் கொடுத்தேன். புத்தகம் படிக்கும் பழக்கம் அதிகம் இல்லாதவர். தளவாடம் வாங்க வரிசையில் உட்கார்ந்திருந்த நேரம், அவரிடம் போனும் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு சார்ஜன்ட், சத்தமில்லாமல் ஆளைக் கொல்ல எட்டு வழி சொல்லிக்கொடுக்க வருகிறார். கேட்க வேண்டியவர்கள் தூங்கி வழிகிறார்கள். கதை சொல்லும் மண்டெல்லா அந்த சார்ஜன்ட்டைப் பார்க்கிறான். தன்னைவிட ஐந்து வயதுகூட மூத்தவராகத் தெரியவில்லை. இவர் போரில் யாரையாவது கொன்றிருந்தால் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் கொன்றிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறான். நண்பர் சத்தமாகச் சிரித்துவிட்டு, "டேய், இது நம்ம டெக்கோங் லெக்சர்டா" என்றார். புதிதாகச் சேர்பவர்கள் அடிப்படைப் பயிற்சி பெறும் தீவு டெக்கோங். பயிற்சி முடிவதற்குள் முக்கால்வாசிப் புத்தகத்தைப் படித்துவிட்டார்.

அவரைப் பிடித்து இழுத்தது சண்டைக் காட்சிகள் இல்லை, வீடு திரும்பும் பகுதி. ஒளியின் வேகத்தை நெருங்கிப் போகும் விண்கப்பலில் காலம் மெதுவாக நகரும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. மண்டெல்லாவுக்குச் சில வருடங்கள்தான் கழிகின்றன, பூமியில் கால் நூற்றாண்டு ஓடிவிடுகிறது. அத்தனை வருடச் சம்பளமும் வட்டியோடு வங்கியில் கிடக்கிறது. ஆனால் ஊர் அவன் ஊராக இல்லை, தம்பிக்கு வயதாகிவிட்டது. அடுத்தடுத்த பயணங்களில் இடைவெளி நூற்றாண்டுக் கணக்கில் விரிகிறது. "ரெண்டு வருஷம் போய்ட்டு வந்தேன், என் ரூமைத் தங்கச்சி எடுத்துக்கிட்டா. அதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார் நண்பர். விமர்சகர்கள் நாலு பக்கம் எழுதுவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பூமிக்குத் திரும்பும் பகுதி ரொம்ப சோகமாக இருக்கிறது என்று அந்தக் காலத்தில் கதையை முதலில் வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் வேண்டாம் என்றுவிட்டார். அதனால் பழைய பதிப்புகளில் மாற்றி எழுதிய வடிவம்தான் இருக்கும். 1990களில் வந்த பதிப்புகளில்தான் முதலில் எழுதியதைத் திரும்பச் சேர்த்தார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் முன்னுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அந்தப் பகுதியில்தான் மண்டெல்லாவின் அம்மா வருகிறார். வயதாகிவிட்டது என்பதற்காக அரசாங்கம் அவருக்கு மருத்துவம் மறுக்கிறது. எங்கள் வாசகர் வட்டத்து அக்கா ஒருவருக்கு இதைக் கொடுக்கத் தயங்கினேன். அவர் மகன் அடுத்த மாதம் என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவையில், சேரவிருந்தான். "போர்க் கதையெல்லாம் எனக்கு எதுக்குத் தம்பி" என்றார். ஆனாலும் வாங்கிப் போனார். அடுத்த சந்திப்பில் அவர் பேசியது புறநானூறு 279 பற்றி, ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. முந்தாநாள் போரில் ஒருவரை இழந்து, நேற்று கணவனையும் இழந்த பெண், இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். "பள்ளிக்கூடத்துல இதை வீரம்னு சொல்லிக்கொடுத்தாங்க. அந்த எண்ணெய் தடவுற கையை யாரும் பேசலை. இந்த ஆளு பேசுறாரு" என்றார் அக்கா. மகனோடு ஃபெரியில் டெக்கோங் போய், அங்கே பெற்றோருக்குப் போடும் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு, திரும்ப ஒருமுறை படித்தாராம். இந்த வகை நாவல்களில் பெரும்பாலானவை, அனுப்பி வைத்தவர்களை முதல் அத்தியாயத்தோடு மறந்துவிடும். ஹால்டெமன் மறக்காததால்தான் எனக்கு அவர் உசத்தி.

ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) கொடுத்தால் கோப்பிக் கடையில் சண்டை நிச்சயம். ராணுவக் கவச உடை என்ற கற்பனையைப் பரப்பிய புத்தகம் இது. சேவை செய்து முடித்தவர்களுக்கு மட்டும்தான் வாக்குரிமை என்ற உலகம். ஆனால் யாரையும் வற்புறுத்திச் சேர்ப்பதில்லை, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சிங்கப்பூரில் நமக்கோ 1967லிருந்து ஆண்களுக்குச் சேவை கட்டாயம், வாக்களிப்பதும் கட்டாயம். அது கட்டாயமானது இந்த நாவல் வந்த அதே 1959இல். இதை வைத்து நண்பர்கள் இருவர் தே தாரிக் ஆறிப்போகும் வரை மோதிக்கொண்டார்கள். எனக்கு ஹைன்லைன் சொல்லும் அரசியலில் உடன்பாடு இல்லை. வகுப்பறை உரைகள் நீளம். இருந்தாலும் படிக்கச் சொல்வேன், ஹால்டெமன் யாரோடு வாதாடுகிறார் என்பது இதைப் படித்தால்தான் முழுதாகப் பிடிபடும். கதாநாயகன் ரிக்கோவின் தாய்மொழி டகாலோக் என்று கடைசியில்தான் தெரியவரும். அந்த இடம் வந்தபோது என் பிலிப்பீன்ஸ் சக ஊழியர் மேசையைத் தட்டினார்.

ஆஸ்துமாவால் மருத்துவத் தரம் குறைந்து, அலுவலக வேலைக்குப் போன சித்தப்பா பையனுக்கு லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் 'த வாரியர்ஸ் அப்ரெண்டிஸ்' கொடுத்தேன். "நான் கிளார்க்குதானே அண்ணே" என்று சோர்ந்து கிடந்தவன். கதையில் மைல்ஸுக்கு எலும்பு கண்ணாடி மாதிரி. ராணுவ நுழைவுத் தேர்வில் சுவரிலிருந்து குதித்துக் கால் முறிந்து, ஆரம்பத்திலேயே தோற்றுப்போகிறான். அதற்குப் பிறகு வாய்ச் சாமர்த்தியத்தை மட்டும் வைத்து ஒரு கூலிப்படைக் கப்பற்படையையே சேர்த்துவிடுகிறான். பொய்க்கு மேல் பொய் அடுக்கி அதைக் காப்பாற்ற அவன் படும் பாடு, விறுவிறுப்பில் இதை மிஞ்சும் நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. தம்பி இப்போது அந்த வரிசையில் மற்றதெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் பிளாக்கில் ஒரு அங்கிள், ராணுவத்தில் வாரண்ட் ஆபிசராக ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி. அவருக்கு ஜான் ஸ்கால்ஸியின் 'ஓல்ட் மேன்ஸ் வார்' (2005). அதில் 75 வயதில்தான் படையில் சேரலாம், சேர்ந்தால் பச்சைத் தோலோடு புது உடம்பு கிடைக்கும். மனைவியின் கல்லறைக்குப் போய்விட்டுப் படையில் சேரப் போகும் ஜான் பெர்ரியோடு கதை தொடங்குகிறது. வேகமான, இலகுவான நாவல். அங்கிள் பாதிக்கு மேல் சண்டை அதிகம் என்றார், எனக்கும் அப்படித்தான். தொடக்கம் மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் மனைவி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதை யோசித்துத்தான் கொடுத்தேன்.

'எண்டர்ஸ் கேம்' பற்றி எல்லோரும் கேட்பீர்கள். சின்னப் பிள்ளைகளைப் போருக்குப் பழக்கும் கதை, 1985 நாவல், நன்றாகத்தான் இருக்கும். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான தோழி ஒருவர், சின்னப் பிள்ளைகளை இப்படி வதைப்பதைப் படிக்க முடியவில்லை என்று பாதியில் வைத்துவிட்டார். பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

அக்கா இப்போது அடுத்த புத்தகம் கேட்கிறார். மகன் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வரும் வார இறுதியில் இரண்டு பேரும் சேர்ந்து படிக்கிற மாதிரி வேண்டுமாம். புஜோல்ட் என்றுதான் நினைத்திருக்கிறேன். அம்மாவும் மகனுமாகப் படித்தவர்கள் இங்கே இருந்தால், எது ஒத்துவந்தது என்று சொல்லுங்கள்.