இரட்டைக் குடியுரிமை உள்ள கணவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உதவுங்கள்

புதுவரவு: லண்டன் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. கணவருக்கு இரட்டைக் குடியுரிமை. மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பிறந்த நாட்டுக்குப் போனவரை, திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். “போனை வாங்குகிறார்கள், பயப்படாதே” என்று ஒரே ஒரு மெசேஜ். மூன்று நாளாகச் சத்தமே இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் மீட்டுத் தருமா?

தேவன்: தங்கச்சி, யாரையும் நம்பி இருக்காதீர்கள். 2009இல் நான் வந்தபோது ஹீட்டர் ஓடாத அறையில் ஐந்து மாதம் கிடந்தேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மாறன்: எந்த நாடு, எந்தப் பாஸ்போர்ட்டில் உள்ளே போனார்? சொல்லவே இல்லையே. இந்தியா என்றால் அங்கே இரட்டைக் குடியுரிமையே கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. அப்படியானால் அவர் பிரிட்டிஷ் குடிமகன் மட்டும்தான், தூதரகம் போய்ப் பார்க்கக் கேட்கலாம். அங்கேயும் குடிமகன் என்றால், “எங்கள் ஆளை நாங்கள் விசாரிக்கிறோம்” என்று கதவைச் சாத்திவிடுவார்கள். நாடுகள் குடியுரிமை பற்றிச் செய்துகொண்ட 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையே அதற்கு இடம் கொடுக்கிறது.

சுபா: அதற்காக விட்டுவிடுவதா? ஈரானும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ்-ஈரானியக் குடியுரிமை உள்ள நாசனின் சகாரி-ராட்கிளிஃப் என்ற பெண்ணை தெஹ்ரான் விமான நிலையத்தில் பிடித்தார்கள். அவருடைய கணவர் ஓயவே இல்லை. 2019இல் பிரிட்டன் நாசனினுக்கு இராஜதந்திரப் பாதுகாப்பு கொடுத்தது, அதாவது அவர் வழக்கை இரு அரசுகளுக்கு இடையிலான தகராறாகவே எடுத்துக்கொண்டது. 2021இல் கணவர் வெளியுறவு அலுவலக வாசலில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2022 மார்ச்சில் மனைவி வீடு வந்தார். இன்றே பத்திரிகைக்குப் போங்கள்.

மாறன்: ஆறு வருடம் ஆனதையும் சொல்லுங்கள். ஈரான் பணம் கட்டியும் பிரிட்டன் கொடுக்காமல் விட்ட டாங்கிகளுக்கான பழைய கடன், ஏறக்குறைய 40 கோடி பவுண்டு, பிரிட்டன் கட்டிய பிறகுதான் விட்டார்கள். மூன்றாம் நாளே சத்தம் போட்டால் வெறும் விசாரணை அரசியல் வழக்காகிவிடும்.

தேவன்: விசாவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் வாங்கத் தெரிகிறது. ஆபத்து என்றால் பதிவு செய்த குரல்தான் பேசுகிறது.

ரேணு: இந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அவள் மூன்று நாளாகத் தூங்கவில்லை. தங்கச்சி, வெளியுறவு அலுவலகத்துக்கு இரவு பகல் எப்போதும் போன் பண்ணலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எண், விமான எண், கடைசி மெசேஜ் வந்த நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் உங்களிடம் விவரம் சொல்ல மாட்டார்கள். அதனால் தூதரகத்தாரால் அவரைப் பார்க்க முடிந்தால் உங்கள் பெயரைச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். தினமும் மருந்து சாப்பிடுபவரா? முதலில் அதைச் சொல்லுங்கள். இரட்டைக் குடியுரிமை என்றாலும் மனிதாபிமான அடிப்படையில் தலையிடச் சொல்லிக் கேட்கலாம். அப்புறம் உங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுங்கள். அந்த நாட்டில் வழக்கறிஞரை மாமனார் வீட்டார் பிடிக்கட்டும். உங்கள் விசா அவரைச் சார்ந்ததா? அதையும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவையுங்கள். பத்திரிகை பற்றி அந்த ஊர் வழக்கறிஞரைக் கேட்டபிறகு முடிவு செய்யலாம்.

புதுவரவு: நாட்டின் பெயரை இங்கே எழுதப் பயமாக இருக்கிறது, மன்னியுங்கள். இரண்டு பாஸ்போர்ட்டும் அவர் பையில்தான் இருந்தன, எதைக் காட்டினார் என்று தெரியாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், பத்து நாளைக்குத்தான் எடுத்துப் போனார். வீட்டு ஒப்பந்தக் கோப்பில் பாஸ்போர்ட் நகல் கிடைத்துவிட்டது. எண் தெளிவாக இருக்கிறது. ரேணு அக்கா, இப்போதே போன் பண்ணுகிறேன்.