திரை பார்க்காமல் ஒலி வெட்டுவது: செட்டிநாட்டிலிருந்து சில அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:

பார்வை இல்லாதவர் வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவை வெட்டி ஒட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இந்த வேலையைத் தினமும் செய்கிறேன். திரையில் ஓடும் அலைக்கோடு தெரியாதே, அப்புறம் எப்படி என்பார்கள். அது தெரியாததால் ஒன்றும் குடி முழுகிப்போவதில்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. திரையை வாசித்துச் சொல்லும் குரலும் நான் வெட்டும் குரலும் ஒரே காதுக்குள் வந்து முட்டிக்கொள்ளும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் வைக்கத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் விரல் பழக்கம்தான்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப், திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ, ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி. மென்பொருள் இரண்டும் இலவசம். என்விடிஏவை 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், ஜேமி டே கூடச் சேர்ந்தார். இருவருக்குமே பார்வை கிடையாது. நமக்கு எங்கே எரிச்சல் வரும் என்று அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆடாசிட்டி அதற்கும் முன்னால், 2000-ல் வெளிவந்தது. பார்வையுள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதியதுதான், ஆனாலும் அநேகமாக எல்லா வேலைக்கும் ஒரு விசை இருக்கிறது. மவுஸைப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம்.

வேலை என்னவென்றால், எங்கள் ஐயா விட்டுப்போன கேசட்டுகள். காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு வருஷம் தவறாமல் போவார். சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கி நடத்திவந்த விழா. மடியில் துண்டை விரித்து அதற்குள் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்கும் அந்தப் பெட்டி கூடவே போகும். அதனால் ஒவ்வொரு கேசட்டிலும் சொற்பொழிவு பாதி. மின்விசிறி, கைதட்டல், மைக்குக்கு மிக அருகில் ஐயாவின் இருமல் எல்லாம் சேர்ந்து மீதி. சிலவற்றின் மறுபக்கத்தில் அப்பத்தா பாடிய தாலாட்டும் இருக்கிறது. யார் எப்போது பதிவு செய்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

கேசட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர். ஆர் விசையைத் தட்டினால் பதிவு தொடங்கும், ஸ்பேஸ் தட்டினால் நிற்கும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஷிப்ட்டோடு டி (T) அழுத்தினால் டைமர் பதிவு வரும். 46 நிமிடம் என்று கொடுத்துவிட்டு நான் சாப்பிடப் போய்விடுவேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பதிவாகும்போது ஒலி டிராக் பகுதியில்தான் கவனக்குறி இருக்கவேண்டும். கருவிப்பட்டையில் ஏதாவது பொத்தானில் அது நின்றிருந்தால், ஸ்பேஸ் தட்டும்போது அந்தப் பொத்தான்தான் அமுங்கும்.

அடுத்து அடையாளம் வைப்பது. ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே, பேச்சாளர் மாறும் இடத்தில் கன்ட்ரோல் எம். பெயரைத் தட்டி என்டர். பேச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கேதான் நான் முதலில் சொன்ன முட்டல் வரும். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் என்விடிஏ வாய்விட்டுச் சொல்லும். அந்தப் பக்கம் பேச்சாளர் கும்பகர்ணனை எழுப்பிக்கொண்டிருப்பார். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) 2 அழுத்தினால் எழுத்துச் சொல்வது நிற்கும், 3 அழுத்தினால் வார்த்தை சொல்வதும் நிற்கும். வாயடைக்கவே வேண்டுமென்றால் அதே விசையோடு எஸ். லேப்டாப்பில் இன்சர்ட் விசை எங்காவது மூலையில் கிடக்கும்; கேப்ஸ் லாக்கையே என்விடிஏ விசையாக வைத்துக்கொள்வது மேல்.

வெட்டுவதை ஒரு இருமலை வைத்தே சொல்கிறேன். ஓடும்போது, இருமல் தொடங்கும் நேரத்தில் இடது சதுர அடைப்புக்குறி, முடிந்ததும் வலது சதுர அடைப்புக்குறி. அந்தத் துண்டு தேர்வாகிவிடும். நம் விரல் எப்போதும் கொஞ்சம் பின்தங்கும், அதனால் தொடக்கம் சரியாக இருக்காது. ஷிப்ட் எஃப்5 அழுத்தினால் தேர்வுக்குச் சற்று முன்னால் உள்ளது மட்டும் கேட்கும், ஷிப்ட் எஃப்6 அழுத்தினால் தேர்வின் ஆரம்பம் கேட்கும். முன்னதில் இருமலின் மூக்கு நுனி கேட்டால், ஷிப்ட்டோடு இடது அம்பு அழுத்தித் தேர்வை அந்தப் பக்கம் நீட்டவேண்டும். முடிவைச் சரிபார்க்க அதே ஷிப்ட்டோடு எஃப்7, எஃப்8. எல்லாம் சரியென்று தோன்றியதும் சி. இருமல் இல்லாவிட்டால் எப்படி ஒலிக்கும் என்று, வெட்டாமலே, முன்னே 2 வினாடியும் பின்னே 1 வினாடியும் சேர்த்துப் போட்டுக் காட்டும். பேச்சு தட்டாமல் போனால் டெலிட்.

இதில் ஒரு வேடிக்கை. அம்பு விசை ஒரு தட்டுக்கு எவ்வளவு நகரும் என்பது திரை எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிதாக்கினால் அடி சின்னதாகும், சிறிதாக்கினால் ஒரே தாவல். ஆக, திரையையே பார்க்காத நான் கன்ட்ரோல் 1 தட்டித் தட்டிப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கு இது பெரிய சிரிப்பு.

எல்லா இருமலையும் நான் எடுப்பதில்லை. பாட்டுக்கு நடுவில் வருவதை எடுப்பேன். பாட்டு முடிந்து கைதட்டலோடு வருவது இருக்கட்டும், அது ஐயா.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, நீங்கள் கேசட்டிலிருந்து எடுக்கிறீர்கள், அதனால் வீட்டோடு சண்டை இல்லை. நான் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து பார்வையற்ற மாணவர்களுக்கு அனுப்புகிறவள். எனக்கு மென்பொருளைவிட வீடுதான் பெரிய தலைவலி.

நம் பக்கத்து வீடுகள் தெரியும்தானே. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைச் சேர்த்து இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கிய சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே எட்டாத உயரத்தில் மச்சு. பட்டாலையில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் வாசித்தால் அது வளவைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து என் அடுத்த வாக்கியத்தின் மேல் உட்காரும். ஆடாசிட்டியில் இரைச்சல் குறைக்கும் வசதி இருக்கிறது. யாரும் பேசாத இரண்டு மூன்று வினாடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டவேண்டும். அப்புறம் முழுவதையும் தேர்ந்து அதைச் செயல்படுத்தவேண்டும். விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு அது அருமையான மருந்து. எதிரொலிக்கு உதவவே உதவாது. எதிரொலி என்பது என் குரலேதான், அதை எப்படிப் பிரிக்கும்? கூட்டிக் கூட்டிப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும்.

இரண்டாம் கட்டில் சாமான் அறை சின்னதாக இருக்கிறதே என்று அங்கே போய்ப் பார்த்தேன். ஆத்தா சீர் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள் அத்தனையும் அங்கேதான். நான் கொஞ்சம் அழுத்திப் பேசினால் ஏதோ ஒரு குடம் பின்னணி பாடுகிறது. கடைசியில் மெத்தை அடுக்கி வைத்திருக்கும் அறை வாய்த்தது. மெத்தைகளுக்கு நடுவே ஒரு முக்காலி, முதுகுக்குப் பின்னால் கம்பளி. வேர்த்துக் கொட்டும், ஆனால் பதிவு சுத்தம்.

இன்னொன்று, உம்மென்று அடியில் ஓடும் மின்சார இரைச்சல். பழைய வயரிங் வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுபோகும். ஏற்கெனவே பதிவாகிவிட்டால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் எடுத்துவிடும் நாட்ச் ஃபில்டரில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்க்கலாம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே. அதற்கும் மிஞ்சினால் 100-லும் ஒரு தடவை. கோயில் ஒலிபெருக்கிக்கு மட்டும் ஃபில்டர் கிடையாது. செவ்வாய்த் திருவிழா நாட்களில் காரைக்குடியில் இருக்கும் என் தங்கை பதிவையே தொடமாட்டாள்.

நீங்கள் சொன்ன குரல் மோதலில் ஒன்று விட்டுவிட்டீர்கள். என் கணினியை அமைத்துத் தந்தவர், என்விடிஏ பேசும்போதெல்லாம் மற்ற ஒலிகள் தணியும்படி வைத்துவிட்டார். ஆடியோ டக்கிங் என்பார்கள். பாட்டுக் கேட்கும்போது சௌகரியம்தான். எடிட் செய்யும்போதோ, அளவு சரியில்லாத பதிவு என்று நினைத்து ஒலியைக் கூட்டிவிடத் தோன்றும். பதிவில் ஒரு குறையும் இருக்காது. என்விடிஏ விசை, ஷிப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தி அதை அணைத்துவிட்டு உட்காருங்கள். மைக்கில் பேசும்போது ஹெட்போன் கட்டாயம். இல்லாவிட்டால் வரலாற்றுப் பாடத்துக்கு நடுவில் "பேட்டரி 20 சதவீதம்" என்று ஒரு குரல் பதிவாகியிருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து:

பேச்சுக்கு ஆடாசிட்டி போதும். பாட்டுக்கு நான் ரீப்பர் என்ற இன்னொரு ஒலி மென்பொருள் பக்கம் வந்துவிட்டேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது நாங்கள் பாடுவதை, ஆர்மோனியம், கஞ்சிரா, கூட்டுக்குரல் என்று தனித்தனி டிராக்காக எடுத்துக் கலக்குகிறேன். ரீப்பர் மட்டும் போட்டால் என்விடிஏவுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒசாரா என்ற இலவச இணைப்பையும் போடவேண்டும். அண்ணன் சொன்ன அதே ஜேமி டே தொடங்கியதுதான் அதுவும். எஃப்12 தட்டிவிட்டு எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், செய்யாது. இப்படி ஒரு வாரம் விசைப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தாலே பாதி பிடிபட்டுவிடும். ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். நம்மைப் போன்றவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லைதான்.

ஒரு சந்தேகம் அண்ணே. பழைய ஆடாசிட்டியில் செய்த வேலை கொஞ்சம் பென்டிரைவில் கிடக்கிறது. திறந்தால் உள்ளே ஒலியே இல்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

ஆச்சி, டக்கிங் சொன்னதற்கு நன்றி. அதை நான் என்றோ அணைத்துப் போட்டதால் மறந்தே போயிற்று. மெத்தை அறையை இன்றைக்கே சோதித்துப் பார்க்கிறேன்.

தம்பி, 3.0-க்கு முந்தைய ஆடாசிட்டி, வேலையை ஒரு கோப்பும் அதே பெயரில் டேட்டா என்று முடியும் ஒரு ஃபோல்டருமாகச் சேமிக்கும். ஒலி முழுக்க அந்த ஃபோல்டருக்குள்தான். பென்டிரைவுக்குக் கோப்பை மட்டும் நகல் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய கணினியில் அந்த ஃபோல்டர் இருந்தால் கொண்டுவந்து கோப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள், பெயரை மாற்றாதீர்கள். திறந்ததும் புதிய வடிவில் சேமித்துவிடுங்கள். 2021-ல் வந்த 3.0 முதல் எல்லாமே ஒரே கோப்பு, இந்தத் தொல்லை இல்லை. பழைய கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டதா? அப்படியென்றால் முடித்து ஏற்றுமதி செய்த எம்பி3 யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். பாதயாத்திரைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் போனில் கட்டாயம் வைத்திருப்பார்.