கிங் பிஸ்கட் டைம்: ப்ளூஸை வளர்த்ததா, மாவு விற்றதா?

மவுத்ஆர்கன் மணி: அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலினா என்ற ஊர். 1941 நவம்பரில் அங்கே கேஎஃப்எஃப்ஏ வானொலியில் தொடங்கிய ‘கிங் பிஸ்கட் டைம்’ நிகழ்ச்சிதான் டெல்டா ப்ளூஸை, அதாவது மிசிசிப்பி டெல்டாப் பகுதிக் கறுப்பர்களின் இசையை, வளர்த்தது என்பேன். மறுப்பவர்கள் வரலாம்.

தெற்குவாசல்: வந்துவிட்டேன். அது மாவு விளம்பரம், மணி. மவுத்ஆர்கன் வாசிக்கும் சன்னி பாய் வில்லியம்சனும் கிடாரிஸ்ட் ராபர்ட் லாக்வுட்டும் வானொலியில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, ஸ்பான்சரைப் பிடித்து வரச் சொன்னார்கள். மளிகை மொத்த வியாபாரி ஒருவர் தன் கிங் பிஸ்கட் மாவை விற்க ஒத்துக்கொண்டார். (டீயில் முக்குகிற பிஸ்கட் இல்லை; அங்கே அது மெத்தென்ற ரொட்டி.) அப்புறம் ‘சன்னி பாய்’ பெயரிலேயே மக்காச்சோள மாவு வந்தது. பையில் அவர் படம், சோளக்கதிர் மேல் உட்கார்ந்தபடி! கறுப்பர் முகத்தைக் காட்டிக் கறுப்பர்களிடமே காசு பார்த்தார்கள்.

மவுத்ஆர்கன் மணி: நேரத்தைப் பாருங்கள். மதியம் 12.15, பருத்திக் காட்டு ஆட்கள் சாப்பிட உட்காரும் நேரம். நிறவெறிச் சட்டம் நடந்த தெற்கில், தங்கள் ஆட்கள் வாசிப்பதை ரேடியோவில் நேரடியாகக் கேட்பது சின்ன விஷயமா? அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய ப்ளூஸ் கலைஞரான பி.பி. கிங், அப்போது மிசிசிப்பியில் பண்ணையாள். அன்றிரவு எங்கே கச்சேரி என்று அதே மைக்கில் சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. மாவு மட்டுமா விற்றது?

தெற்குவாசல்: அந்தப் பெயரே இரவல். சன்னி பாய் வில்லியம்சன் என்று இசைத்தட்டுகளில் பெயர் வாங்கியவர் சிகாகோவில் இருந்தார். ஹெலினாவில் வாசித்த இவருடைய நிஜப் பெயர் மில்லர்.

பழையரேடியோ: பெயரை எடுத்தார், சரி. வாசிப்பு சொந்த வாசிப்புதானே? என் குறை வேறு. பிற்காலத்தில் நேரடி வாசிப்பு போய், இசைத்தட்டு ஓட்டுவதே நிகழ்ச்சி ஆகிவிட்டது. 1951-இல் வந்த அறிவிப்பாளர் சன்னி பெய்ன் 2018-இல் இறந்தார், அவ்வளவு காலமும் அவர் குரல்தான் அடையாளம். 1992-இல் ஒலிபரப்புத் துறைக்கான பீபாடி விருதும் கிடைத்தது. நல்ல மனிதர்தான். ஆனாலும் எத்தனை ஆயிரம் ஒலிபரப்பு என்று எண்ணிக் கொண்டாடுவதில் எனக்கு ஈடுபாடில்லை.

மவுத்ஆர்கன் மணி: அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் ஐரோப்பா வரை போய்ப் பேர் வாங்கிய சன்னி பாய் கடைசியில் ஹெலினாவுக்கே திரும்பி, இதே நிகழ்ச்சியில் வாசித்தார். 1965 மே மாதம் ஒரு நாள் 12.15 ஆகியும் வரவில்லை. டிரம்மர் பெக் கர்ட்டிஸ் தேடிப் போனால், அறையில் இறந்து கிடந்தார்.

தெற்குவாசல்: இது எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த மாவுப் பை விஷயத்தில் நான் மாறவில்லை.